சாயம் குடிக்காத நூல்

1993 பெப்ரவரி, பேசாலை. கோயில் மண்டபத்தில் ஒன்பது பெண்கள் ஒட்டுப்போர்வை ஒன்று தைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் வள்ளமில்லை, மீனில்லை, முகமில்லை. நிறங்களும் சிப்பி ஓட்டால் குத்திய அச்சுகளும் மட்டும். உருவம் போட்டால், யாருடைய முகம் என்று கேள்வி வரும்.

போர் தொடங்கியபின் கடைச் சாயம் இந்தத் தீவுக்கு வருவதில்லை. மணலில் சாயவேர் கிண்டி அவித்தார்கள். வீட்டுக்கு ஒரு பழைய வெள்ளைத் துணி.

தன் துணியைப் பெற்றிசியா தானே கொண்டுவந்து பானைக்குள் அமுக்கியிருந்தாள். "கறையெல்லாத்தையும் சாயம் மூடிப்போடும், என்னக்கா?"

"பருத்தியெண்டா நல்லாக் குடிக்கும்" என்றிருந்தாள் அவள் அக்கா மார்த்தா.

இப்போது காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துவந்து மார்த்தா ஒவ்வொன்றாக விரித்தாள். தங்கையின் துணி நல்ல சிவப்பு. மூலையில் பழைய பூத்தையல். மார்த்தாவின் கைத்தையல்தான். பெற்றிசியாவின் கலியாணத்துக்கு அவள் தைத்துக் கொடுத்த தலையணை உறை.

நடுவில் இரண்டு வெள்ளை வட்டங்கள்.

தடவிப் பார்த்தாள். ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டுத்துணியும் சிவந்துவிட்டது, தைத்த நூல் சிவக்கவில்லை. தையல் நூல் கிடைக்காத நாளில் வலையில் பிரித்த நைலோன் நூல். அது சாயம் குடிக்காது.

இரண்டும் ஒரே அளவு. இடையில் மூன்று விரல்.

இரண்டு வருடத்துக்கு முன் இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வரிசையாக நடத்தினார்கள். கதிரையில், ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி இருந்தான். தலையில் வெள்ளை உறை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மார்த்தாவின் புருஷன் யோசேப் முன்னால் வந்தபோது அந்தத் தலை ஒருமுறை ஆடியது. யோசேப் திரும்பி வரவில்லை.

அன்று வரிசையில் நிற்காத ஆண்களை மார்த்தா பலமுறை விரல்விட்டு எண்ணியிருக்கிறாள். பெற்றிசியாவின் புருஷன் எமிலியானுஸ் காய்ச்சலில் படுத்திருந்ததாகத்தான் சொன்னார்கள். பிறகு யோசேப்பை விசாரிக்க அவன்தான் மார்த்தாவைக் கந்தோர் கந்தோராகக் கூட்டிக்கொண்டு திரிந்தான்.

பெற்றிசியா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த ஊசி நின்றது.

"அது வடிவில்லை அக்கா. தாங்கோ, வேற துண்டு வெட்டித் தாறன்."

"இருக்கட்டும்" என்றாள் மார்த்தா. "இது நடுவுக்கு."

உறையை வெட்டாமல் முழுசாக வைத்துத் தைத்தாள்.

போர்வை சனிக்கிழமை முடிந்தது. மண்டபச் சுவரில் ஏற்றிக் கட்ட எமிலியானுஸைக் கூப்பிட்டார்கள். வந்து, ஏணியில் பாதி ஏறினான். இரண்டு வெள்ளை வட்டங்களும் கண்ணுக்கு நேரே வந்ததும் இறங்கிப் போய்விட்டான்.

மிச்சத்தைப் பெண்களே கட்டினார்கள்.