ஊன்ற விடாத தலைவர்

கணினியில் ஓடும் பழங்காலப் போர் விளையாட்டு ஒன்றில், காலாட்படையின் முன்வரிசையில் ஒரு கேடயம் நின்றது. பக்கத்திலேயே அதன் தோழி ஈட்டி. எதிர்மேட்டில் எதிரியின் குதிரைகள் கூடிக்கொண்டிருந்தன. ஈட்டியைத் தரையில் ஊன்றி அசையாமல் நின்றால் குதிரைகள் மிரளும். இல்லையென்றால் வரிசை மொத்தமும் குளம்படியில் கூழாகிவிடும்.

நிற்க விட்டால்தானே! படைத்தலைவர், திரையில் கட்டளை இடும் சுட்டியின் அம்புக்குறி. அதற்குச் சும்மா இருக்கவே முடியவில்லை.

"முன்னாடி போ!" என்றது. ஊன்றிய ஈட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள்.

"ஐயோ, பின்னாடி வா! இல்ல, இடப்பக்கம் திரும்பு!"

கேடயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, இப்படி அலைக்கழிச்சா நாங்க எப்பத்தான் ஊன்றுறது?"

"எதிர்த்தா பேசுற? நான் சும்மா இருந்தா அப்புறம் தலைவன்னு ஒருத்தன் எதுக்கு?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டி," என்று முணுமுணுத்தது ஈட்டி.

அந்த நேரம் பார்த்து வலப்பக்கம் சொந்தக் குதிரைப்படை பளபளவென்று கிளம்பியது. அம்புக்குறி அதன் பின்னால் ஓடிவிட்டது. இங்கே ஏவ ஆளில்லை. கேடயம் காலை அழுத்தி நின்றது, ஈட்டி ஊன்றிக்கொண்டது, வரிசை முழுக்க அப்படியே செய்தது. பாய்ந்து வந்த எதிரிக் குதிரைகள் ஈட்டி முனைகளைக் கண்டு மிரண்டு, தங்கள் ஆட்களையே மிதித்துக்கொண்டு திரும்பி ஓடின.

கொஞ்ச நேரத்தில் அம்புக்குறி திரும்பி வந்தது. அது விரட்டிய விரட்டில், குதிரைப்படையில் மிஞ்சியது ஒரே ஒரு நொண்டிக் குதிரை. ஓர் ஆள்கூடக் குறையாமல் நின்ற வரிசையை அம்புக்குறி மேலும் கீழும் பார்த்தது.

"யாரைக் கேட்டு எல்லாரும் ஒரே இடத்துல நின்னீங்க?"