ஐநூறாவது கையெழுத்து

தேர்தல் அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலில் மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. எழுத்தர் கடைசித் தாளைச் சரிபார்க்கிறார். ஒரு சின்னக் கட்சியின் வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் ஏற வேண்டுமானால் ஐநூறு வாக்காளர்களின் கையெழுத்து மூன்று மணிக்குள் வந்து சேர வேண்டும். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கம்பிக்கு வெளியே நிற்கும் பெண், தனக்குப் பெரிதான ஓர் ஆண்பிள்ளைத் தோல்பையை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். எழுத்தரின் பேனா ஐநூறாவது பெயரில் நிற்கிறது. "இவரு தவறிட்டாரும்மா. போன வாரமே பட்டியல்லேர்ந்து எடுத்திருக்காங்க. செல்லாது." "தெரியும். என் வீட்டுக்காரர்தான்," என்கிறாள் அவள். "போடுறப்ப உயிரோடதான் இருந்தாரு." எழுத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு ஸ்கேலை வைத்து, அவசரப்படாமல், அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு இழுக்கிறார். "ஒண்ணு குறையுது. நீங்க போட்டிருக்கீங்களா?" இல்லை. முப்பது வருடமாகக் கணவர் தாளை நீட்டும்போதெல்லாம், "உங்க கட்சிக்கு உங்கள விட்டா ஆள் ஏது" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இந்தத் தடவையும் அப்படித்தான் நகர்ந்தாள். தாள் கம்பிக்கு அடியில் நகர்ந்து வருகிறது. எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத கையெழுத்து கணவருடையது. அதன் வால் சிவப்புக் கோட்டுக்குத் தப்பி, கீழே காலியாக இருக்கும் கட்டத்துக்குள் தொங்குகிறது. அதை விரல் நுனியால் தொடுகிறாள். "நேரமாகுதும்மா," என்கிறார் எழுத்தர், குரலைத் தாழ்த்தி. அந்த வால் முடிகிற இடத்தில் பேனாவை ஊன்றித் தன் பெயரைத் தொடங்குகிறாள்.