மூன்றாவது விசில்

2021 மே 11. பாளையங்கோட்டை. முழு ஊரடங்கின் இரண்டாவது நாள்.

மூன்றாவது விசில் வந்தது. அவர் முன்னறை நாற்காலியை விட்டு எழுந்து, சமையலறைக்குப் போய், அடுப்பை அணைத்தார்.

சாதம் வேகவில்லை.

நேற்றும் வேகவில்லை. இன்று தண்ணீரைக் கூட்டிப் பார்த்திருந்தார். இந்த ஊர் அரிசியே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மோர் ஊற்றிப் பிசைந்தாலும் பருக்கைகள் தனித்தனியாக நின்றன. மென்று விழுங்கினார்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஊரடங்குக்கு முதல் நாள், சாமான் வேனிலேயே உட்கார்ந்து வந்து இறங்கினார். அவசரத்தில் புது வீட்டில் பால்கூடக் காய்ச்சவில்லை. சேர வேண்டிய அலுவலகம் மூடிக் கிடந்தது. மனைவி பெரம்பூரில். அவளுடைய அம்மா படுக்கையில் இருந்தார். பஸ் விட்டதும் வருவதாகச் சொன்னாள்.

“மூணு விசில் வந்தா ஆஃப் பண்ணிடுங்க. அவ்ளோதான் சமையல்.” இதையும் அவள்தான் போனில் சொன்னாள்.

சாமான் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு உள்ளிருந்தபடி, “மெட்ராஸா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவர் காலையில் குளித்து, அலுவலகச் சட்டையைப் போட்டுக்கொள்வார். நாற்காலியில் உட்காருவார். வெயில் ஏறியதும் அரிசி களைவார்.

அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவில்லை. தட்டு, தம்ளர், குக்கர் போதுமாயிருந்தன.

சமையலறை ஜன்னல் முடுக்கைப் பார்த்துத் திறந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான் இடம். அந்தப் பக்கமும் ஒரு சமையலறை ஜன்னல். கொசுவலை அடித்திருந்தது. உள்ளே ஆள் தெரியாது.

ஒரு நாள் வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பெண் குரல்.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டு குக்கரு விசிலே அடிக்க மாட்டேங்கே. கேஸ்கட்டு போயிருக்கும், பாத்துக்கிடுங்க.”

“அடிச்சுதேம்மா. இப்பதான், மூணு.”

அந்தப் பக்கம் பாத்திரம் கீழே வைக்கும் ஓசை. சிரிப்பு.

“அது எங்க வீட்டுல அடிச்சது அண்ணாச்சி. அப்ப இத்தன நாளும் அரிசியவா தின்னிய?”

அன்று அவர் அடுப்பை மறுபடி பற்றவைத்து, குக்கருக்குப் பக்கத்திலேயே நின்றார். பக்கத்து வீட்டு விசில் ஓய்ந்து வெகுநேரம் கழித்து அவருடைய குக்கர் முதல் விசிலை அடித்தது. எதிர்பார்க்காததால் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

சாதம் வெந்திருந்தது.

“ஆச்சா அண்ணாச்சி?”

“ஆச்சும்மா.”

பிறகு அதுவே நடைமுறையானது. அந்தப் பக்கம் அடுப்புப் பற்றும் ஓசை கேட்டதும் இவரும் பற்றவைப்பார். அவள் குக்கர் முந்தும். இவருடையது பிந்தும். மூன்றாவது விசில் அடங்கியதும் கேள்வி வரும். பதில் சொல்வார்.

சில நாட்களில் அந்த ஒரு சொல்தான் அவர் வாய்விட்டுப் பேசியது.

அவளை அவர் பார்த்ததில்லை. மருந்து வாங்கப் போனபோது அந்த வீட்டு வாசலைப் பார்த்தார். பெயர்ப் பலகையில் பொ. இசக்கியப்பன் என்றிருந்தது. ஆண் குரல் எதுவும் அந்தச் சமையலறையில் கேட்டதில்லை.

மாதக் கடைசியில் இருமல் கேட்டது.

அடுத்த நாளும் கேட்டது. அவள் குக்கர் அன்றைக்கு அடிக்கவில்லை.

“உடம்பு சரியில்லையாம்மா?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மணமே தெரிய மாட்டேங்கு. அம்புட்டுதான்.”

மறுநாள் அவர் களைந்த அரிசியை வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றார். அடுப்புப் பற்றும் ஓசை வரவில்லை. இருமலும் இல்லை.

வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டின் முன்னால் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. கேட்டில் பூட்டு.

எதிர்வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“விடியக்காலமே வண்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டு. ஒத்தப் பொம்பள. மூச்சு வாங்குச்சு.” பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தப் பக்கத்து ஜன்னல சாத்தியே வைங்க சார்.”

அவர் உள்ளே போனார். ஜன்னலைச் சாத்தவில்லை. கொக்கி காற்றில் நழுவாமலிருக்க அதில் ஒரு துணியைச் சுற்றினார்.

அரிசி வைத்தார். விசில் அடித்தது. மூன்றும் அவருடையவைதான். சாதம் பதமாக வெந்திருந்தது. பாதியை மூடி வைத்தார்.

தினமும் பதமாக வெந்தது.

மனைவி போனில் கேட்டாள். “சாப்பாடெல்லாம் இப்ப ஒழுங்கா வருதா?”

“வருது.”

“பாத்தீங்களா, பழகிட்டீங்க.”

ஜூனில் அலுவலகம் திறந்தது, பாதி ஆட்களோடு. ஒருநாள் விட்டு ஒருநாள் போனார். போகாத நாட்களில் வெயில் ஏறியதும் அரிசி களைந்தார். குக்கரை ஏற்றிவிட்டு முன்னறையில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு வாசலில் பவுடர் மழையில் கரைந்துபோயிருந்தது.

அப்படி ஒரு நாள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது விசில் அடித்தது.

சீக்கிரம் அடித்துவிட்டதே என்று நினைத்தார்.

இன்னொன்று. எழுந்தார்.

சமையலறைக்குள் வந்தபோது மூன்றாவது. அவருடைய குக்கரின் வெயிட் அசையாமல் இருந்தது. ஆவிகூட வரவில்லை.

வலைக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஆச்சா அண்ணாச்சி?”

குரல் மெலிந்திருந்தது. அவள் அங்கே அதிக நேரம் நிற்க முடியாது என்று தெரிந்தது.

அவர் அடுப்பை அணைத்தார்.

“ஆச்சும்மா.”

அரிசி பாதிதான் வெந்திருந்தது. மோர் ஊற்றிப் பிசைந்து, முழுவதையும் சாப்பிட்டார்.