மூக்கைப் பிடித்தபடி ஒரு படம்

கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் வேலை, கேமராப் பையைத் தோளிலிருந்து கழற்றிப் பூவுக்கு முன்னால் நட்டிருந்த சின்னப் பலகையின் மேல் மாட்டியது.

பேராசிரியர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் முழுக்கப் பூவின் மேல் இருந்தது.

ஆளுயரப் பூ. பிணமலர். பல வருஷத்துக்கு ஒருமுறைதான் விரியும். விரிந்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். இருபது வருஷமாக வகுப்பில் அதைப் பற்றி முழங்கியவர், நேரில் பார்ப்பது இன்றுதான்.

காலையிலிருந்து தாவரவியல் பூங்கா முழுக்கச் சுற்றியாகிவிட்டது. பனைமர வரிசையில் ஒரு படம். அல்லிக் குளத்தங்கரையில் மனைவியோடு ஒரு படம். கள்ளிகளுக்கு நடுவே, முள்ளுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு ஒரு படம்.

மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. விழா மலருக்குத்தான் இத்தனை படமும். கூட வந்திருந்த மூன்று உதவிப் பேராசிரியர்களில் மூத்தவர், படம் எடுக்க வந்த அவளிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார், எங்களுக்கு நேரமில்லை, அட்டைப் படத்தை நீங்களே பார்த்து நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று.

சரி என்றாள். அவ்வளவு பணிவாக அவள் யாரிடமும் சரி சொன்னதில்லை.

பேராசிரியருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மூன்று வருஷம் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமலே பாடம் நடத்திய மனுஷர்.

"என்ன சார், கூட்டத்தையே காணோம்?" என்றார் உதவிகளில் சின்னவர்.

"நாத்தம் தாங்காம ஓடியிருப்பானுங்க." பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். "அப்பப்பா! குடலைப் புரட்டுது."

வெள்ளைக் கைக்குட்டை. அதே நாலு மடிப்பு.

அவள் கல்லூரியில் சேர்ந்த புதிது. சேர்க்கை அன்று அம்மா சந்தையிலிருந்து மீன் கூடையும் கையுமாக நேராக வந்து நின்றதை அவர் பார்த்திருந்தார். பிறகு ஒரு நாள், பாடத்தைப் பாதியில் நிறுத்தினார். கைக்குட்டையை மூக்கில் வைத்தார். நீ ஜன்னல் பக்கம் போய் உட்காரும்மா, காற்று வரட்டும் என்றார்.

முதலில் முன்பெஞ்சு மூக்கைப் பிடித்தது. பிறகு வகுப்பு மொத்தமும். யாரும் நடிக்கவில்லை. நிஜமாகவே அவர்களுக்கு நாறியது.

அம்மா காய்ச்சலில் படுத்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் ஒரு செதில்கூட நுழையவில்லை. அவள் மேல் சோப்பு வாசனைதான் அடித்தது. ஆனால் அத்தனை பேர் மூக்கைப் பிடித்தபின் தன் மூக்கை எப்படி நம்புவது?

இன்றைக்கும் காலையில் கிளம்பும்போது சட்டைக் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறாள்.

இதற்குள் உதவிகள் மூவரும் மூக்கைப் பிடித்திருந்தார்கள். சின்னவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேங்க," என்றாள் பேராசிரியரின் மனைவி.

"உனக்குச் சளி. பேசாம நில்லு."

அந்த அம்மாள் இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு, எதற்கு வம்பு என்று, அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா, வாடை படத்துல விழாதில்ல," என்றார் பேராசிரியர். "நாங்க இப்படியே மூக்கைப் பிடிச்சு நிக்கிறோம், எடு. அப்பத்தான் பாக்கிறவனுக்குப் புரியும். அட்டைக்கே போடலாம், என்ன?"

"போட்டுடலாம் சார். இன்னும் கொஞ்சம் பக்கத்துல போங்க."

போனார். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு, ஆனால் போனார். கேமரா என்றால் நரகத்துக்குள்ளும் தலைவாரிக்கொண்டு போகிற ஆள்.

விழா மலர் பழைய மாணவர் அத்தனை பேர் வீட்டுக்கும் போகும். முன்பெஞ்சின் வீடுகளுக்கும் போகும். அதற்கப்புறம் அந்தக் கல்லூரியிலிருந்து அவளுக்கு இன்னொரு வேலை வராது. வரவே வேண்டாம்.

"பை மறைக்குது சார், ஒரு நிமிஷம்."

முன்னால் வந்து, பலகையின் மேலிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் பலகையின் முதுகுதான் தெரிந்தது. அதன் முகம் கேமராவைப் பார்த்துப் பளிச்சென்று இருந்தது.

'வாடை நேற்றே அடங்கிவிட்டது. பூவை அருகில் சென்று பார்க்கலாம்.'

முதல் ராத்திரி மட்டும்தான் இது நாறும், மறுநாளே அடங்கிவிடும். அவர் நடத்திய பாடம்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுத்தும் கைக்குட்டையும் ஒருசேரத் தெளியும்வரை லென்ஸைத் திருகினாள்.

"கையை எடுத்துடாதீங்க சார். அப்படியே இருங்க."