இடது பக்கக் கதவு

"ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்காம் அண்ணா. அதால இங்க பதிய ஏலாதாம். கார் துறைமுகத்திலேயே நிக்குது."

கானாவிலிருந்து தம்பி நிரூஜன் இப்படிச் சொன்னதும் டொமினிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம் இல்லாமல் பின்னே டிக்கியிலா இருக்கும்? பிறந்த மன்னாரில் வலப்பக்கம். பிழைக்க வந்த நியூசிலாந்தில், ஆக்லாந்திலும் வலப்பக்கம். கானாவில் மட்டும் என்ன கேடு?

கனடா போகிறேன் என்று ஏஜென்டை நம்பிக் கிளம்பி, நடுவழியில் கானாவில் கைவிடப்பட்டவன் நிரூஜன். குடித்துச் சீரழிந்து, ஒருவழியாகத் திருந்தி, ஒரு கார் இருந்தால் டாக்சி ஓட்டிப் பிழைத்துக்கொள்வேன் என்று கெஞ்சினான். டொமினிக்கும் விடிய விடிய ஓவர்டைம் பார்த்து, ஒரு பழைய டொயோட்டாவை வாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பினான். அதற்குத்தான் இந்தக் கதை.

"எதுக்கும் அந்த நாட்டைத் தெரிஞ்ச ஆளிட்டக் கேளுங்கோவன்" என்றாள் மனைவி மேர்சி.

தெரிந்த ஆள், ஆக்லாந்தின் விரி பகுதியில் டொமினிக் வேலை பார்க்கும் கிடங்கிலேயே இருந்தார். மேனேஜர் பழனிசாமி. கானாவில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவர். காரை விற்றவரும் அவரே. தம்பிக்கு என்றதும், நம்ம பையன் பொழச்சாச் சரி என்று விலையைக் குறைத்த மனுஷன். டொமினிக்குக்கு அவர் தெய்வம் மாதிரி.

பழனிசாமி அவன் தோளில் கை வைத்தார்.

"கானாவும் நம்மளாட்டம் வெள்ளைக்காரன் ஆண்ட நாடுங்க. இங்க எந்தப் பக்கமோ, அங்கயும் அதே பக்கந்தான். சொல்லக் கூடாது, உங்க தம்பி வண்டியை வித்து ஏப்பம் விட்டுட்டாரு."

வீட்டுக்கு வந்த கையோடு டொமினிக் போன் போட்டான்.

"வித்துக் குடிச்சிட்டாய். இனி எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை."

"மடுமாதா சத்தியமா அண்ணா..."

டொமினிக் வைத்துவிட்டான்.

கோபம் ஆறி அவன் திரும்ப எடுத்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை. பாலைவனம் தாண்டிக் கடல் வழியாக ஐரோப்பா போகிற ஒரு கூட்டத்தோடு நிரூஜன் கிளம்பிவிட்டான் என்று, அவனோடு அறையில் இருந்தவன் சொன்னான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. மேர்சி மெழுகுவத்தி ஏற்றி ஏற்றி அழுதாள். காரை விற்ற காசில்தான் போயிருப்பான், மனசைத் தேத்திக்குங்க என்று பழனிசாமி ஆறுதல் சொன்னார்.

தீபாவளிக்கு அவரே வற்புறுத்தி, கிளென் ஈடனில் இருக்கும் தன் வீட்டுக்கு டொமினிக்கை அழைத்தார். வீடு நிறைய ஆட்கள். பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே அவர் மனைவி சுந்தரி கணவனைச் சீண்டினாள்.

"இவரு கூத்தக் கேளுங்க. கானாவுல இருந்து இங்க வந்த புதுசுல, தினமும் காரோட இடது பக்கக் கதவத் தொறந்து ஏறி உக்காந்துக்குவாரு. அப்புறம், ஸ்டியரிங் எங்கடின்னு என்னக் கேப்பாரு."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது.

கையில் எடுத்த லட்டோடு டொமினிக் நிமிர்ந்து பழனிசாமியைப் பார்த்தான்.

அவரும் சிரிக்கவில்லை.