முயலுக்குக் காவல்

ஒரு காட்டோரத்தில் வேட்டைக்காரன் ஒருவனிடம் இரண்டு நாய்கள் இருந்தன. செம்பி பல வேட்டை பார்த்தது. கரியன் இளையது, அன்றுதான் தன் முதல் முயலைப் பிடித்திருந்தது.

வேட்டைக்காரன் கையை நீட்டியதும் கரியன் முயலை முன்கால்களுக்கு நடுவே போட்டுக்கொண்டு பல்லைக் காட்டி உறுமியது.

"குடுத்துடுடா. ஈரலை நமக்குத்தான் போடுவார்," என்றது செம்பி.

"கிட்ட வந்தா உன் காது இருக்காது."

"இருக்கிறதே ஒண்ணரைக் காதுதான்," என்று செம்பி விலகிக்கொண்டது.

வேட்டைக்காரன் பிடுங்கவில்லை, அடிக்கவும் இல்லை. செம்பியைக் கூட்டிக்கொண்டு அடுத்த புதரைப் பார்த்து நடந்தான்.

கரியனுக்கு நல்ல பசி. தின்னலாம் என்று குனிந்தால் எங்கோ ஓர் இலை அசையும். உடனே நிமிர்ந்து உறுமும். மறுபடி குனிந்தால் ஒரு காகம் கத்தும். உறுமி உறுமித் தொண்டை வறண்டுபோயிற்று. அதற்குள் முயலின் அடியில் எறும்புகள் வந்துவிட்டன.

"இது என்னுது," என்றது கரியன்.

"ஆமாண்ணே, உங்களுதுதான்," என்றது ஓர் எறும்பு, சுமையை இறக்காமலே. "நீங்க நிக்கிறதாலதான் காக்கா கூடக் கிட்ட வரலை."

தூரத்தில் செம்பி குரைத்தது. இன்னொரு முயல் கிளம்பிவிட்டது. கரியனின் கால்கள் ஓடத் துடித்தன.

"போயிட்டு வாங்கண்ணே. நாங்க பாத்துக்கறோம்."

கரியன் எறும்பைப் பார்த்தது. முயலைப் பார்த்தது. குரைப்பு தேய்ந்து தேய்ந்து மலைக்கு அந்தப்புறம் போனது. கரியன் களைத்துப்போய் முயலின்மேல் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. எறும்புகள் அதன் தாடையைச் சுற்றிக்கொண்டு, வரிசை கலையாமல் போயின.