எடையால் வகுத்தால்

பிள்ளைகள் இருவரும் ஓட்டப் பரிசோதனையை முடித்திருந்தார்கள். சின்னவனின் மூச்சுத்திறன் எண் போன வருஷத்தைவிடக் குறைந்திருந்தது. அம்மா பதறிப்போய் டாக்டரிடம் கேட்டாள்.

"டாக்டர், இவன் இதயத்துல ஏதாவது...?"

"பயப்படாதீங்கம்மா. உடம்பு எடுத்துக்கிற ஆக்சிஜனை எடையால வகுத்து வர்ற எண் இது. பையன் மளமளன்னு வளர்ந்துட்டான், அதான் குறைஞ்சிருக்கு. வளர்த்திக்குத் தகுந்தபடி கணக்குப் பார்த்தா நல்லாவே இருக்கான்."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "பெரியவளைப் பத்திக் கவலையே இல்ல, அவளுக்கு ஏறியிருக்கு" என்று சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அவளோட ஆக்சிஜன் ஏறவே இல்லம்மா. எடைதான் இறங்கியிருக்கு. வளர்ற வயசுல பொண்ணு ஏன் இளைக்கிறா?"

அம்மா மகளின் தொளதொளத்த சட்டைக் கையைப் பற்றினாள். உள்ளே எலும்புதான் தட்டுப்பட்டது.

மகள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.